லீகல் பார்த்தாச்சா? முதலீட்டுக்கு இடம் வாங்குபவர் வக்கீலைத் தேர்ந்தெடுப்பது எப்படி

இடம் வாங்கப் போறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "லீகல் பார்த்தாச்சா?" என்பதுதான். "பார்த்தாச்சு, எல்லாம் கிளியர்" என்று சொல்லிவிட்டால் பேச்சு விலைக்கும் ரோடு அகலத்துக்கும் போய்விடும். யார் பார்த்தது, யாருக்காகப் பார்த்தது, எதையெல்லாம் பார்த்தது என்று அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. இந்தக் குறிப்பு அந்த மூன்று கேள்விகளைப் பற்றியது.

தமிழ்நாட்டில் முதல்முறையாக முதலீட்டுக்காக ஒரு மனையோ வீடோ வாங்கும் ஆளை மனதில் வைத்து எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. தீர்ப்புகளையும் பழைய பத்திரங்களையும் ஆர்வத்தில் படிக்கிற ஒரு மென்பொருள்காரன், அவ்வளவுதான்.

பத்திரம் பதிவானால் உரிமை வந்துவிடுமா?

இதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858-ல் டோரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறையில், அரசுப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்தால் நீங்கள்தான் உரிமையாளர். அதற்கு அரசே உத்தரவாதம். நம் ஊர் முறை அது இல்லை. 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டத்தின்படி இங்கே பதிவாவது பத்திரம்தான், உரிமை அல்ல. இன்னார் இன்னாருக்கு இந்தத் தேதியில் எழுதிக் கொடுத்தார் என்பதற்கு அரசு சாட்சி. எழுதிக் கொடுத்தவருக்கு அதை விற்க உரிமை இருந்ததா என்பதற்கு அரசு பொறுப்பில்லை.

2025 ஏப்ரலில் கே. கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே தெளிவாகச் சொன்னது. எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று முடிவு செய்யும் வேலை சார்பதிவாளருடையது இல்லை என்று சொல்லி, தமிழ்நாடு பதிவு விதிகளில் முந்தைய மூலப்பத்திரத்தைக் கேட்ட 55ஏ(1) விதியை ரத்து செய்தது.

பட்டாவும் அப்படித்தான். அது வருவாய்த் துறைப் பதிவு. துணைச் சான்றாக உதவும், ஆனால் பட்டா மட்டுமே உரிமை ஆகாது. டிடிசிபி, சிஎம்டிஏ அங்கீகாரம் என்பது மனைப் பிரிவின் வரைபடத்துக்கு. ரோடு அகலம், பூங்காவுக்கு விட்ட இடம் எல்லாம் சரியா என்று பார்ப்பார்கள். இடம் யாருடையது என்பதற்கு அது தீர்ப்பு இல்லை.

ஆக, உரிமையைச் சரிபார்க்கும் வேலையை அரசு அலுவலகம் எதுவும் உங்களுக்காகச் செய்வதில்லை. அது முழுக்க வாங்குபவரின் தலையில்தான் இருக்கிறது. அதை நீங்கள் ஒப்படைக்கும் ஒரே ஆள் வக்கீல்.

ஏற்கெனவே நான்கு பேர் பார்த்திருக்கிறார்களே?

புதிதாக வாங்குபவருக்கு இலவசமாகவே நான்கு "லீகல்" கிடைக்கும். ஒவ்வொன்றும் யாருக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள்.

புரமோட்டரின் வக்கீல் ஒபீனியன்: விற்பதற்காக எழுதப்பட்டது. பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் சந்தேகம் வரும் இடத்தில் நின்று கேள்வி கேட்க அவருக்குக் காரணம் இல்லை.

புரோக்கர் கூட்டிவரும் வக்கீல்: இவருக்கு அடுத்த பத்து ஃபைல் அதே புரோக்கரிடமிருந்து வர வேண்டும். "வாங்காதீங்க" என்று இரண்டு தடவை சொன்னால் மூன்றாவது ஃபைல் வராது.

வங்கியின் பேனல் வக்கீல்: இவரைத்தான் பலரும் நம்புகிறார்கள். "பேங்க்கே லோன் குடுத்துட்டான் சார், அப்புறம் என்ன?" வங்கிக்குத் தேவை கடன் திரும்பி வருவது. ரிசர்வ் வங்கி விதிப்படி 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் வங்கி கொடுக்க முடியாது. மீதி 25 சதவீதம் உங்கள் பணம். சொத்தில் சிக்கல் வந்தாலும் இஎம்ஐ உங்கள் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டேதான் இருக்கும். அந்த ஒபீனியன் வங்கியின் பெயருக்கு எழுதப்படுகிறது, உங்கள் பெயருக்கு அல்ல.

பத்திர எழுத்தர்: பத்திரம் எழுதுவதில் பழுத்த அனுபவம் இருக்கும். நான்கு எல்லையைத் தப்பில்லாமல் எழுதுவது சாதாரண வேலை இல்லை. ஆனால் முப்பது வருட உரிமைத் தொடரைச் சோதிப்பது அவர் வேலை இல்லை.

மென்பொருளில், கோடு எழுதியவரே அதை ரிவ்யூ செய்து ஒப்புதல் கொடுப்பதை நாங்கள் அனுமதிப்பதில்லை. அவர் நேர்மையில் சந்தேகப்பட்டு அல்ல. தன் கோடில் உள்ள ஓட்டை தன் கண்ணுக்குப் படாது என்பதால். நிலத்துக்கும் அந்த விதி பொருந்தும்.

ஒரு உதாரணம்

என் சித்தப்பா மகன் செங்கல்பட்டு பக்கம் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை ஒன்றை முதலீட்டுக்காகப் பார்த்தான். விலை 30 லட்சம். அங்கீகாரம் பெற்ற மனைப் பிரிவு. பட்டா விற்பவர் பெயரிலேயே இருந்தது. வில்லங்கச் சான்றிதழில் நான்கே பதிவுகள்: 1979-ல் ஒருவர் கிரையம் வாங்கியது, 2003-ல் இரண்டு மகன்களுக்குள் பாகப்பிரிவினை, 2011-ல் இருவரும் சேர்ந்து புரமோட்டருக்கு விற்றது, 2016-ல் புரமோட்டர் இப்போதைய உரிமையாளருக்கு விற்றது. அடமானம் இல்லை, வழக்கு இல்லை. புரோக்கர் சொன்ன வக்கீல் இரண்டே நாளில் ஒரு பக்க ஒபீனியன் கொடுத்தார்: கிளியர்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அவனே தேடி, செங்கல்பட்டு நீதிமன்றத்தில் சிவில் வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீல் அம்மாவிடம் அதே ஃபைலைக் கொடுத்தான். அவர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். 2003 பாகப்பிரிவினைப் பத்திரத்தின் முதல் பக்கத்தில், தகப்பனார் 1998-ல் காலமானதைச் சொல்லிவிட்டு "ஆண் வாரிசுகளாகிய நாங்கள் இருவரும்" என்று ஒரு வரி இருந்தது. அந்த "ஆண்" என்ற சொல்லை அவர் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்.

"ஆண் வாரிசுன்னு தனியா எழுதியிருக்காங்கன்னா பொண்ணுங்க இருக்காங்கன்னு அர்த்தம் சார். வாரிசுச் சான்றிதழ் வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

அது வர மூன்று வாரம் ஆனது. வந்ததில் இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். தாயார் அதற்கு முன்பே இறந்துவிட்டார். புரோக்கர் அசரவில்லை. "அவங்களுக்கெல்லாம் கல்யாணத்துலயே நகை, சீர் எல்லாம் செஞ்சாச்சு மேடம். கேக்க மாட்டாங்க."

தகப்பன் தன் பணத்தில் வாங்கிய சொத்து. உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நான்கு பிள்ளைகளுக்கும் சம பங்கு. ஆக, மகன்கள் இருவரும் விற்றதில் பாதி அவர்களுடையதே இல்லை. சீர் செய்தது பங்கைத் தீர்த்ததாக ஆகாது. மகள்கள் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். "இவ்வளவு வருஷம் ஆச்சே, பன்னிரண்டு வருஷம் தாண்டினா போயிடாதா?" என்று தம்பி கேட்டான். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகத்தான் சட்டம் பார்க்கும், வெறுமனே வருடம் ஓடியதால் மகள்களின் பங்கு போய்விடாது என்று அவர் விளக்கினார்.

தம்பி விலகிவிட்டான். அவனுக்கு ஆன செலவு வக்கீல் ஃபீஸ் 12,000 ரூபாய், ஒரு மாதம் அலைச்சல். எனக்கு இதில் மனதில் நிற்பது தம்பி அல்ல, விற்க வந்தவர். 2016-ல் புரமோட்டர் கொடுத்த ஒபீனியனை நம்பி, முதலீட்டுக்காக வாங்கியவர் அவர். இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் அவருக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. மகளின் கல்யாணத்துக்காக விற்க வந்தபோதுதான், தான் வாங்கியதில் பாதிக்குக் கேள்வி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. நான் கேள்விப்பட்டவரை இன்னும் விற்க முடியவில்லை.

குடியிருக்க வாங்குபவருக்கும் முதலீட்டுக்கு வாங்குபவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. சொந்த வீட்டில் குடியிருப்பவர் இப்படி ஒரு குறையோடு வாழ்நாள் முழுக்க நிம்மதியாக இருந்துவிடக்கூடும். முதலீட்டாளர் ஒருநாள் விற்றே ஆக வேண்டும். அன்றைக்கு எதிர்ப்பக்கம் ஒரு வக்கீல் உங்கள் ஃபைலை வரிவரியாகப் படிப்பார். அந்த எதிர்ப்பக்க வக்கீல் போல இன்றைக்கே படிக்கிறவர்தான் உங்களுக்கு வேண்டிய வக்கீல்.

இசியில் வராதவை

ஒரு வக்கீல் நன்றாகப் பார்க்கிறாரா என்று சட்டம் படிக்காத நாம் எப்படி அளப்பது? நான் கண்ட சுலபமான அளவுகோல்: கொடுத்த காகிதத்தைப் படித்துவிட்டு, கொடுக்காத எந்தக் காகிதத்தைக் கேட்கிறார் என்பது. வில்லங்கச் சான்றிதழ் பதிவான பரிவர்த்தனைகளை மட்டுமே காட்டும். அதில் வராத விஷயங்கள் நிறைய.

வாரிசுகள்: மேலே சொன்ன கதை. இறப்பும் வாரிசும் இசியில் வராது. பூர்வீகச் சொத்தாக இருந்தால் இன்னும் சிக்கல். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் அன்றைக்குக் கல்யாணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு வந்தது. 2005 செப்டம்பர் 9 மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. 2020-ல் வினீதா சர்மா தீர்ப்பு, அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்றது. எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று வக்கீல் காகிதத்தில் கோடு போட்டுப் பார்க்க வேண்டும்.

உயில்: பதிவு செய்ய வேண்டிய கட்டாயமே இல்லை. பதிவு செய்தாலும் அது வேறு புத்தகத்தில் ஏறும், இசியில் தெரியாது.

பத்திரத்தை வைத்துக் கடன்: மூலப்பத்திரத்தைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தாலே அடமானம் ஆகிவிடும். இப்போது வங்கிகள் அதற்கான குறிப்பாணையைப் பதிவு செய்கின்றன. பழைய, தனியார் கடன்களில் அந்த உறுதி இல்லை. அதனால்தான் நல்ல வக்கீல் ஒரிஜினலைக் கையில் வாங்கிப் பார்க்காமல் எழுத மாட்டார். "ஒரிஜினல் தொலைஞ்சு போச்சு, நகல்தான் இருக்கு" என்றால் காவல்துறைச் சான்று, பத்திரிகை விளம்பரம் என்று அடுத்த கேள்விகள் வரும்.

நடக்கும் வழக்கு: வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கினால், உங்களுக்கு அது தெரியாமலே இருந்தாலும் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்தும். இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரை வைத்துத் தேடலாம், சர்வே எண்ணை வைத்துத் தேட முடியாது. பெயரை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் தேடும் பொறுமை வேண்டும்.

பவர்: எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக பவரும் போய்விடும். பவரை மட்டும் வாங்கிக்கொண்டு இடத்தை வாங்கியதாக நினைப்பது செல்லாது என்று 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மைனர் பங்கு: மைனரின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தகப்பனோ தாயோ விற்றிருந்தால், அந்தப் பிள்ளை வயதுக்கு வந்தபின் விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம்.

நிலத்தின் வகை: 1892-க்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைத்த பஞ்சமி நிலம், கோயில் நிலம், வக்ஃபு, பூதானம், நீர்நிலைப் புறம்போக்கு. இவற்றில் பத்திரம் எத்தனை கை மாறியிருந்தாலும் அடிப்படையே ஆட்டம்தான். கிராமத்து ஏ-பதிவேட்டையும் 1980-களின் யூடிஆருக்கு முந்தைய பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வக்கீலுக்கு இருக்க வேண்டும்.

இசியைப் பற்றியே இன்னொன்று. சர்வே எண் உட்பிரிவு ஆகியிருக்கும். 123/4 என்பது 123/4ஏ2 ஆகியிருக்கும். கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கும். புது எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால் "வில்லங்கம் இல்லை" என்றுதான் வரும். டேட்டாபேஸில் வேலை செய்கிறவர்களுக்கு இது புரியும்: தேடலில் ஒன்றும் வரவில்லை என்பதும், ஒன்றும் இல்லை என்பதும் வேறு வேறு. பழைய எண், தாய் எண், பழைய சார்பதிவகம் எல்லாவற்றிலும் தானே இசி போட்டுப் பார்க்கும் வக்கீல் வேண்டும். விற்பவர் கொடுத்த இசியை வைத்து எழுதுகிறவர் வேண்டாம்.

எங்கே தேடுவது, என்ன கேட்பது

பார் கவுன்சில் விதிப்படி வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது. அதனால் விளம்பரத்தை வைத்துத் தேடுவதில் அர்த்தமில்லை. சொத்து இருக்கும் பகுதிக்கான சிவில் நீதிமன்றத்துக்குப் போய், நிலத் தகராறு வழக்கு நடத்திய ஒருவரிடம், "உங்க எதிர்க்கட்சி வக்கீல் எப்படி?" என்று கேளுங்கள். எதிரி வாயால் நல்ல பேர் வாங்கியவரைவிட நல்ல சிபாரிசு கிடையாது. ஊர்க்காரராக இருப்பது முக்கியம். எந்தக் கிராமத்தில் எந்த சர்வே எண்ணில் கோயில் வழக்கு நடக்கிறது என்பது அங்கேயே பழகியவருக்குத்தான் தெரியும். தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தவறாக நினைக்க மாட்டார்கள்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை என்று நான் வைத்திருக்கும் பட்டியல் சின்னது:

1. சிவில் வழக்கு நடத்துறீங்களா, ஒபீனியன் மட்டும்தானா? (உரிமை எங்கே உடையும் என்பது கோர்ட்டில் உடைந்து பார்த்தவருக்கே நன்றாகத் தெரியும்.)
2. இந்த விற்பவர், புரமோட்டர், புரோக்கர் யாருக்காவது இதுக்கு முன்னாடி வேலை செஞ்சிருக்கீங்களா?
3. கடைசியா எந்த மாதிரி இடத்துக்கு "வாங்காதீங்க"ன்னு சொன்னீங்க? (பெயர் வேண்டாம், காரணம் போதும். யோசித்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்றால் அதுவே பதில்.)
4. இசியும் நகலும் நீங்களே எடுப்பீங்களா?
5. பத்திரம் பதிவானாலும் ஆகாட்டியும் ஃபீஸ் ஒண்ணுதானே?

ஐந்தாவது கேள்விதான் முக்கியமானது. பதிவு நடந்தால்தான் ஃபீஸ் என்றால், அவரும் புரோக்கர் நிற்கும் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார்.

ஒபீனியன் எழுத்தில், உங்கள் பெயருக்கு வேண்டும். எந்தெந்த ஆவணத்தைப் பார்த்தார், அதில் எது ஒரிஜினல் எது நகல், உரிமைத் தொடர் வருட வரிசையில், எது கிடைக்கவில்லை, வாங்கும் முன் விற்பவர் எதைச் செய்து தர வேண்டும் என்று இருக்க வேண்டும். வழக்கமாக முப்பது வருடம் பார்ப்பார்கள். நல்லவர்கள் அதற்குப் பின்னாலும் தொடர் எங்கே ஆரம்பிக்கிறதோ அதுவரை போவார்கள். கிரைய ஒப்பந்தத்தையும் அவரையே எழுதச் சொல்லுங்கள். "உரிமையில் குறை தெரிந்தால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப" என்ற ஒரு வரி அதில் இல்லாமல் ஒரு ரூபாயும் கை மாற வேண்டாம்.

பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

முடியாது என்பதுதான் நிலைமை. 2024 மே மாதம் டி.கே. காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், வக்கீலின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. ஒபீனியன் தப்பாகப் போனால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகும் வழி அடைந்துவிட்டது. 2012-ல் நாராயண ராவ் வழக்கில், வங்கிக்குத் தவறான ஒபீனியன் கொடுத்தார் என்பதற்காக மட்டும் ஒரு வக்கீலைக் குற்றச் சதியில் சேர்க்க முடியாது, மோசடியில் பங்கிருந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றது அதே நீதிமன்றம். இரண்டு தீர்ப்புக்கும் நியாயமான காரணங்கள் இருக்கின்றன. பார் கவுன்சில் புகார், சிவில் வழக்கு என்ற வழிகளும் இருக்கின்றன. ஆனால் அவை எல்லாம் பணம் போனபின் ஆரம்பிக்கும் நீண்ட பயணம். விற்றவர் மீது வழக்கு போடலாம், உரிமை இருக்கிறது என்று அவர் உறுதி கொடுத்ததாகத்தான் சட்டம் கொள்ளும். அதற்குள் அவரிடம் பணம் மிச்சமிருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு கணக்கு. 30 லட்சம் மனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: 2,70,000 ரூபாய். புரோக்கருக்கு 2 சதவீதம் என்றால் 60,000. என் தம்பி கொடுத்த வக்கீல் ஃபீஸ் 12,000, அதாவது 0.4 சதவீதம். மொத்தச் செலவிலேயே சின்னது இதுதான். பேரம் பேசிக் குறைக்க வேறு இடம் நிறைய இருக்கிறது. இவரிடம் வேண்டுமானால் இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, சார்பதிவகத்துக்கு இன்னொரு நடை போய்ப் பார்க்கச் சொல்லிக் கூடுதலாகக் கொடுங்கள். அந்த ஒரு வாரத்தில் "வேற பார்ட்டி ரெடியா இருக்கு சார்" என்று புரோக்கர் நான்கு தடவை ஃபோன் பண்ணுவார். பண்ணட்டும்.